புகைபோக்கியின் இரண்டு கயிறுகள்

மேற்குக் காற்று அடித்தால் கிழக்குப் பலகையைத் திறக்க வேண்டும். கிழக்குக் காற்று அடித்தால் மேற்குப் பலகையை. எங்கள் வீட்டில் இது என் வேலை, பதினான்கு வயதிலிருந்து.

நீதிபதி ஐயா ஏரிக்கரைப் பக்கம் பிறந்தவர் என்று எழுத்தர் சொன்னார். அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் மலை வீடுகளில் சமையலறைக்குத் தனியாகக் கூரை கிடையாது, புகைபோக்கியே கூரை. நான்கு பக்கமும் பலகை அடித்து, மேலே போகப்போகக் குறுகி, உச்சியில் இரண்டு மூடுபலகைகளில் முடியும். பலகைக்கு ஒரு கயிறு. இரண்டு கயிறும் அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும். காற்று வரும் பக்கத்தை மூடி, மறுபக்கத்தைத் திறந்தால் உள்ளே இருப்பது வெளியே போகும். மாற்றித் திறந்தால் உள்ளே இருப்பது உள்ளேயே சுற்றும். வீட்டுப் பெண்கள் யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். தாள் நல்ல தாள், மையும் கெட்டியாக இருக்கிறது. வெளியே புல் அறுக்கிறார்கள். வாசனை ஜன்னல் வழியாக வருகிறது. வெளியிலிருந்து பூட்டிய அறையில் எப்படி இருக்கிறாய் என்று காவலர் பரிதாபமாகக் கேட்டார். எங்கள் வீட்டை நவம்பரில் பனி வந்து பூட்டினால் ஏப்ரலில்தான் திறக்கும். எனக்கு இது பழகிய விஷயம்தான்.

என் பெயர் லிடி. வயது முப்பத்தெட்டு. கல்யாணமாகவில்லை. அம்மா போனபோது எனக்குப் பதினான்கு, தம்பி தெயோவுக்கு நான்கு. அவனுக்குச் சோறூட்டியதும் தலை வாரியதும் நான்தான். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்னைக் கேட்டு வந்தார். தம்பி முதல் கடிகாரம் செய்து முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அவர் பிறகு பார்க்க வரவில்லை. நான் அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் கடிகாரம் செய்யும் முறை இப்படி. அரம், அச்சைச் சுழற்றும் வில், கடைசல் கருவி, எஃகு, இவையெல்லாம் ஆண்களுக்கு. பாதரசம் பெண்களுக்கு. தங்கச் சுருள்களைப் பாதரசத்தில் கரைத்தால் வெண்ணெய் மாதிரி ஒரு குழம்பு வரும். அதைப் பித்தளைத் தகட்டில் தூரிகையால் தடவிக் கரி நெருப்பில் காட்ட வேண்டும். பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் தகட்டோடு நின்றுவிடும். பெரிய மனிதர்களின் வரவேற்பறைக் கடிகாரத்தில் மின்னுகிற முலாம் எல்லாம் இப்படி எவளாவது ஒருத்தி அடுப்படியில் நின்று பூசியதுதான். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் பூசியவள் யூதித் அத்தை. கடைசி நான்கு வருடம் அவளால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. பல் ஆடியது, கை ஆடியது, கேட்டால் கோபம், இல்லையென்றால் அழுகை. அவள் கையிலிருந்து விழுந்த தூரிகையை அப்பா எடுத்து என் கையில் கொடுத்தார். தெயோவுக்குப் பத்து வயதானபோது வில்லை அவனுக்குக் கொடுத்தார். ஒரே மேசையில், இரண்டு வருட இடைவெளியில். அப்பா போய்ப் பல வருடமாகிவிட்டது, வீட்டில் நானும் தெயோவும்தான்.

முலாம் பூசுகிறவளுக்கு ஒரு காவல் உண்டு. வாயில் ஒரு தங்கக் காசை அடக்கிக்கொள்ள வேண்டும். பாதரசத்துக்குத் தங்கத்தின் மேல் ஆசை. தொண்டைக்குப் போகாமல் காசில் போய் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் துப்பிப் பார்த்தால் காசு வெள்ளி மாதிரி வெளுத்திருக்கும். நெருப்பில் வாட்டினால் மறுபடி மஞ்சளாகும். யூதித் அத்தை சோம்பேறி, பாதி நாள் காசைப் போட மாட்டாள். நான் ஒரு நாளும் மறந்ததில்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே காசு, அம்மாவுடையது.

போன செப்டம்பரில் லொக்ல் சந்தைக்குப் போன தெயோ, திரும்பும்போது விரலில் மோதிரத்தோடு வந்தான். ரோசின் என்று ஒரு பெண். கைக்கடிகாரங்களுக்குத் தங்க மூடி செய்கிறவரின் மகள். மெல்லிய மோதிரம்தான். நான் அதை அதிகம் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் மாமா மூலம் ஜெனீவாவிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. அங்கே ஒரு பெரிய பட்டறைக்கார முதலாளி, ஈஸ்டருக்குள் ஒரு சின்னக் கடிகார இயந்திரம் முழுவதையும் தெயோ தன் கையாலேயே செய்து அனுப்ப வேண்டும், சக்கரங்களைத் தாங்கும் அச்சுமுனைகள் திருப்தியாக இருந்தால் மே மாதத்திலிருந்து வேலை என்று எழுதியிருந்தார். வேலை கிடைத்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் ஜெனீவா. நான் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் என்னைப் பற்றி எதுவும் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று பார்லிக் கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டேன்.

"நீ போயிட்டா இங்க நான் என்னடா பண்றது?"

அவன் சாசேஜை நறுக்கிக்கொண்டே சொன்னான். "உனக்கென்னக்கா குறைச்சல்? வீடு இருக்கு, ரெண்டு மாடு இருக்கு, முலாம் வேலை இருக்கு. எனக்குத்தான் புது ஊரு, புது மனுஷங்க. எல்லாத்தையும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் கெட்டவனே இல்லை. அந்த வாக்கியத்தை நான் நவம்பர் முழுவதும் மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வீடு, இரண்டு மாடு, முலாம் வேலை. அவன் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. எனக்கு மூச்சு முட்டியது என்று எழுதினால் நீங்கள் புரிந்துகொள்வீர்களா தெரியாது, ஆனால் முட்டியது.

முதல் பனி ஜன்னல் பாதி வரை ஏறியதும், அவனுடைய வேலை மேசையைச் சமையலறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். முன்னறைக்குத் தனியாக விறகு எதற்கு, ஒரே நெருப்பு இரண்டு பேருக்கும் போதுமே. அவனே தூக்கி வந்தான். அடுப்பிலிருந்து ஆறு அடி தள்ளிப் போட்டோம். காலுக்கு இதமாக இருக்கட்டும் என்று மேசைக்கு அடியில் கனல் போட்ட கால்பெட்டி ஒன்றையும் வைத்தேன். ஓட்டை போட்ட சின்ன மரப்பெட்டி, உள்ளே ஒரு மண்சட்டி. தினமும் காலையில் நானே கனல் மாற்றுவேன்.

"என்னக்கா இவ்ளோ கவனிப்பு? நான் போறதுக்குள்ள என்னைக் கொழுக்க வெச்சு வித்துடுவ போலிருக்கே," என்று சிரித்தான்.

"போறவன கவனிச்சு அனுப்பணும்ல," என்றேன்.

முதல் நாள் நடந்தது தற்செயல். இதை நான் சத்தியமாகச் சொல்வேன். டிசம்பர் ஐந்தாம் தேதி. நான்கு தகடுகளைக் கரி நெருப்பில் வைத்திருந்தேன். காற்று மேற்கிலிருந்து கிழக்குக்குத் திரும்பியது. காதில் கேட்டது. எழுந்து கயிற்றை மாற்ற வேண்டும். நான் எழவில்லை, அவ்வளவுதான். கரி நெருப்பில் புகை வராது. பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தெயோ குனிந்து வில்லை இழுத்துக்கொண்டிருந்தான். அந்த வேலையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். குதிரைமயிர் கட்டிய சின்ன வில்லை ஒரு கை இழுக்க இழுக்க அச்சு சுழலும். மறுகை மெருகுக்கம்பியை அதன் முனையில் பதிய வைக்கும். முனை தலைமயிர் கனம்தான். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் ஒடியும், கொஞ்சம் குறைந்தால் மெருகேறாது. எஃகு கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னும் வரை மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும். மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருந்தான். நான் காசை நாக்குக்கு அடியில் தள்ளிவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். பால் கறக்க நேரமாகியிருந்தது.

இரண்டாம் நாள் தற்செயல் என்று சொல்ல மாட்டேன். காற்றைக் கவனித்தேன், எந்தக் கயிறு சரி என்று பார்த்தேன், மற்றதை இழுத்தேன். பிறகு அதுவும் பழக்கமாகிவிட்டது. சமைக்கும்போது சரியான பலகை, ஏனென்றால் விறகுப் புகை கண்ணைக் கரிக்கும். முலாமுக்கு மற்றது. தகடுகளை நெருப்பில் வைத்துவிட்டு நான் மாடுகளிடம் போய்விடுவேன். மாடுகள் அந்தக் குளிர்காலம் நன்றாகப் பால் கொடுத்தன.

ஒருநாள் அவன் வேலையிலிருந்து தலை தூக்கி, "அக்கா, அந்தக் காச எனக்கும் ஒரு நாள் குடேன். வாயெல்லாம் ஒரே தகர ருசியா இருக்கு," என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான்.

"வேலை பாக்குறவளுக்குத்தான் காசு. ஒனக்கெதுக்கு?" என்றேன்.

"கஞ்சப்பிசினாரி," என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டான்.

அன்று எனக்கு நெஞ்சு வலித்தது. மறைக்க வேண்டியதில்லை. வாயிலிருந்து காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சுத்தமாக வெளுத்திருந்தது. கழுவி, வாட்டி, மறுபடி வாயில் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி இரண்டாவது வாரம் முதல் அச்சுமுனை ஒடிந்தது. எஃகு சரியில்லை என்றான். இரண்டாவது ஒடிந்தபோது வில்லின் மயிர் சரியில்லை என்று மாற்றிக் கட்டினான். நாலாவது ஒடிந்தபோது விரல்களை நீட்டிப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். நானும் பார்த்தேன். சுண்டுவிரல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இங்க பாரேன். நிக்க மாட்டேங்குது."

"குளிருதான்டா. வேற ஒண்ணுமில்ல."

"அடுப்புப் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்?"

"காலு சில்லுன்னு இருந்தா கை ஆடும். இரு, கனலு மாத்தித் தரேன்."

யூதித் அத்தையை அவனும் பார்த்திருக்கிறான். அவள் சாகும்போது அவனுக்குப் பன்னிரண்டு. அப்படியிருந்தும் அவனுக்கு ஏன் தோன்றவில்லை என்று எழுத்தர் கேட்டார். அத்தை முலாம் பூசியவள், அவன் பூசவில்லை. அது பெண்களின் நோய் என்றுதான் எங்கள் வீட்டு ஆண்கள் நினைத்தார்கள். அது மட்டுமில்லை. கயிறு என் கையில் இருந்தது. தன் அக்காள் கையிலிருக்கும் கயிற்றை யார் அண்ணாந்து பார்ப்பான்?

பிப்ரவரியில் ஈறு வீங்கி, எச்சில் ஒழுக ஆரம்பித்தது. பனிச்செருப்போடு தபால்காரர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். சின்ன வயதில்கூட அவன் அப்படி யாரையும் கண்டு கூச்சப்பட்டதில்லை. அற்ப விஷயத்துக்கெல்லாம் அழுதான். பேனா பிடிக்க முடியாததால் ரோசினுக்குக் கடிதம் நான் எழுதினேன். அவன் சொன்னதை அப்படியே எழுதினேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. சூப் கிண்ணத்தை நான் பிடித்துக்கொள்ள, அவன் குடிப்பான். நான்கு வயதில் எப்படிக் குடித்தானோ அதே மாதிரி. என்னைக் கேட்டால் அந்த நாட்களில் வீடு அமைதியாக இருந்தது. நான் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தேன். தகடுகள் எல்லாம் பூசி முடிந்துவிட்டதால் கயிறுகளை இப்போது சரியாகத்தான் இழுத்தேன். அதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் கடைசியில் ஒருநாள் காலை, பதினெட்டாவது முனையும் ஒடிந்த பிறகு, வில்லை என் பக்கம் நீட்டினான்.

"நீ ஒரு தடவ பண்ணிப் பாரேன்க்கா. எப்பவும் பாத்துக்கிட்டேதானே இருந்த?"

"எனக்கென்னடா தெரியும்?"

"சும்மா பண்ணு. எப்படியும் ஒடியத்தான் போகுது."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அச்சைக் கடைசல் கருவியில் பொருத்தி, வில்மயிரை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தேன். பதினெட்டு வருடமாக அந்தச் சத்தத்தை அடுப்படியிலிருந்தே கேட்டிருக்கிறேன். எப்போது கரகரக்கும், எப்போது வழுவழுக்கும் என்று என் காதுக்குத் தெரியும். மெருகுக்கம்பியைப் பதித்தேன். மூச்சை அளந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நிமிர்ந்தபோது முனை கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தது. ஒடியவில்லை.

தெயோ உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தான். அது மூக்கில் தட்டித் தட்டி ஆடியது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தான்.

"இந்தக் கைய வெச்சுக்கிட்டா இத்தன வருஷம் முலாம் பூசிக்கிட்டிருந்த?" என்றான்.

நவம்பரில் அவன் இதைக் கேட்டிருந்தால் நான் இப்போது இந்தத் தாளில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அதை மட்டும் நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம்.

மீதி முனைகளையும் நானே முடித்தேன். பதினோரு நாள். என் வாழ்க்கையில் அந்தப் பதினோரு நாளுக்கு நிகராக எதையும் சொல்ல முடியாது. அவன் சொல்வான், நான் செய்வேன். இயந்திரம் ஓடியது. பெட்டியில் வைத்துக் கட்டி, அவன் பெயரை நானே எழுதினேன். அப்போதுதான் பாதை திறந்தது.

ஏப்ரல் பதினாறாம் தேதி முதல் சறுக்குவண்டியில் ரோசின் வந்து இறங்கினாள். கடிதத்தில் கையெழுத்து மாறியதிலிருந்தே அவளுக்குத் தூக்கமில்லையாம். தெயோ கதவுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான். அவள் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். கை அவள் கைக்குள்ளும் ஆடியது. ஆனால் அவள் பார்த்தது கையை இல்லை.

"மோதிரம் ஏன் இப்படி வெளுத்திருக்கு?" என்றாள்.

தெயோ தலை குனிந்தான். "நான் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் ரோசின். மட்டத் தங்கம் போலிருக்கு, கடைக்காரன் உன்ன ஏமாத்திட்டான்னு நெனச்சேன். உன் மனசு கஷ்டப்படுமேன்னு..."

குளிர்காலம் முழுவதும் அவன் அந்த மோதிரத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறான். வாய் திறக்கவில்லை. நான் அவன் விரல்களைத்தான் பார்த்தேன், மோதிரத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு அது பிடிக்காது. தினமும் வாயில் காசு வெளுப்பதைப் பார்க்கிறவள், அந்த ஒன்றை விட்டுவிட்டேன்.

"எங்கப்பா உருக்கின தங்கம் இது. என் கண் முன்னால உருக்கினாரு," என்றாள் ரோசின். பிறகு தலையைத் தூக்கிப் புகைபோக்கி உச்சியைப் பார்த்தாள். கயிறுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"காத்து இன்னைக்கு எந்தப் பக்கம் அடிக்குது?"

"மேற்கு," என்றேன். "கிழக்குப் பலகை திறந்திருக்கு. நீயே பாத்துக்கோ."

உண்மையில் அது சரியாகத்தான் திறந்திருந்தது. அவள் அதை நம்பினாளோ என்னவோ தெரியாது. மோதிரத்தை மறுபடி பார்த்தாள். அடுப்பிலிருந்து மேசை வரை உள்ள ஆறு அடியைப் பார்த்தாள். அவ்வளவு தூரத்தில் இவ்வளவு வெளுக்காது என்று மூடி செய்கிறவரின் மகளுக்குத் தெரிந்திருக்கும். மண்டியிட்டு மேசைக்கு அடியிலிருந்து கால்பெட்டியை இழுத்தாள். சட்டியைத் தரையில் கவிழ்த்து, சாம்பலை விரலால் கிளறினாள். கடுகு கடுகாக வெள்ளி மணிகள் உருண்டு ஓடி, ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

கயிறு மட்டும்தானா என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கயிறு மட்டும் இல்லை. கயிறு மெதுவான வேலை, முலாம் பூசும் நாட்களில் மட்டும்தான் முடியும், ஈஸ்டருக்குள் ஆகுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. டிசம்பர் பத்திலிருந்து தினமும் காலையில் கனலுக்கு அடியில் ஒரு சொட்டுப் பாதரசம் வைத்தேன். எழுபத்திரண்டு நாள். அவன் கை முழுக்க ஆடத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒரு கணமும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன் அல்லவா? அவன் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

தெயோ அந்த மணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். கத்தவில்லை. "கால் சில்லுன்னு இருக்கும்னு சொன்னியேக்கா," என்றான், அவ்வளவுதான். ரோசின் அவனுக்குக் கோட்டு மாட்டி, பொத்தான் போட்டு, வண்டியில் ஏற்றினாள். அவன் திரும்பிப் பார்த்தானா என்று தெரியவில்லை. தலையும் ஆடிக்கொண்டிருந்ததால் சொல்வது கஷ்டம்.

லொக்லில் அவளே ஊட்டிவிடுகிறாளாம். கல்யாணத்தையும் தள்ளிப் போடவில்லையாம். காவலர் சொன்னார். நல்ல பெண்தான். ஆனால் ஒரு குளிர்காலம் ஊட்டிப் பார்க்கட்டும், பிறகு தெரியும். கை ஆடுகிற கடிகாரக்காரனை எந்த ஊர் வைத்துக்கொள்ளும்? அவன் திரும்பி வருவான். அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அதனால் மேசையை யாரும் இடம் மாற்ற வேண்டாம். கால்பெட்டியைச் சாட்சிக்கு எடுத்து வந்திருக்கிறீர்கள். விசாரணை முடிந்ததும் சட்டியை நன்றாகக் கழுவித் திருப்பி அனுப்பிவிடுங்கள். அம்மாவின் காசையும் கொடுத்தால் நல்லது. ஒரு நாளும் மறக்காமல் அதை வாயில் வைத்திருந்ததால்தான் எனக்கு எதுவும் ஆகவில்லை.

இந்தக் கடைசிப் பக்கத்தில் எழுத்து கோணிப் போயிருப்பதற்கும், இரண்டு மூன்று இடத்தில் மை தெறித்திருப்பதற்கும் மன்னிக்க வேண்டும் ஐயா. குளிர்தான். வேறு ஒன்றுமில்லை.